வானம் மறைத்தது, சோழி காட்டியது

நம் வீட்டுக் கூடத்தில் ஆணியில் தொங்கும் பஞ்சாங்கத்தை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அமாவாசை எப்பொழுது, ஏகாதசி எப்பொழுது, கிரகணம் எத்தனை மணிக்குப் பிடிக்கிறது என்று புரட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் ஆணியில் மாட்டிவிடுகிறோம். அந்தச் சிறு புஸ்தகத்தில் உள்ள எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? பிரெஞ்சு தேசத்து வானசாஸ்திரி ஒருவர் கேட்டார். கேட்டதோடு நில்லாமல், புதுச்சேரியில் தமிழர் ஒருவரின் எதிரே மாணாக்கராக அமர்ந்து அதைக் கற்றுக்கொண்டார். அவர் நம் நாட்டுக்கு வந்த காரியம் வேறு. அந்தக் காரியம் பலிக்கவில்லை. கற்றுக்கொண்டது மட்டும் பலித்தது. அந்தக் கதையும் அதன் பின்கதையும் தமிழ் மக்கள் அறிந்திருக்க வேண்டியவை.

சுக்கிரனைத் தேடி

அவர் பெயர் லெ ஜாந்தி. பிரான்ஸின் வடமேற்கிலுள்ள கூத்தான்ஸ் என்ற ஊரில் 1725-ம் வருஷம் பிறந்தவர்; பாரிஸ் நகரத்து ராஜாங்க விஞ்ஞானக் கழகத்தில் அங்கத்தினர்.

சுக்கிரன் என்னும் வெள்ளிக் கிரகம், எப்பொழுதோ ஒரு முறை, நமக்கும் சூரியனுக்கும் நேர் நடுவே வந்து, சூரிய பிம்பத்தின் மீது ஒரு சிறு கரும் பொட்டுப்போல் ஊர்ந்து செல்லும். எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு முறை இப்படி நிகழும்; அப்புறம் நூறு வருஷங்களுக்கு மேல் நிகழாது. பூமியின் பல இடங்களிலிருந்து இதைப் பார்த்து நேரத்தைச் சரியாகக் குறித்தால், சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம் என்று 1716-ம் வருஷத்தில் ஹாலி என்ற ஆங்கில வானசாஸ்திரி வழி சொல்லி வைத்தார். அன்று சூரியனுடைய தூரம் ஒருவருக்கும் திட்டமாகத் தெரியாது. 1761-லும் 1769-லும் சுக்கிரன் சூரியனைக் கடக்கப்போகிறது என்று தெரிந்தவுடன் ஐரோப்பிய தேசங்கள் தங்கள் சாஸ்திரிகளை உலகத்தின் நாலா மூலைகளுக்கும் அனுப்பின. லெ ஜாந்திக்குப் புதுச்சேரி கிடைத்தது.

1760-ம் வருஷம் மார்ச்சு மாதம் அவர் கப்பல் ஏறினார். ஜூலை மாதம் மோரிஷஸ் தீவை அடைந்தார். அச்சமயம் இந்தியாவில் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் கடும் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அடுத்த மார்ச்சில் ஒரு போர்க்கப்பலில் இடம் பிடித்துப் புறப்பட்டார். காற்று எதிர்த்தது, கப்பல் வாரக்கணக்கில் கடலில் அலைந்தது. மே மாதம் 24-ந் தேதி மலையாளக் கரையில் மாஹேயை நெருங்கியபோதுதான் செய்தி எட்டியது: மாஹேயும் புதுச்சேரியும் ஆங்கிலேயர் வசமாகிவிட்டன! புதுச்சேரி வீழ்ந்தது ஜனவரி மாதத்திலேயே. கப்பல் மோரிஷஸுக்குத் திரும்பியது.

ஜூன் 6-ந் தேதி சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது லெ ஜாந்தி நடுக்கடலில் இருந்தார். வானம் நிர்மலமாக இருந்தது. கரும் பொட்டையும் கண்ணாரக் கண்டார். ஆனால் ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் ஓடுமா? தாம் நிற்கும் இடத்தின் ரேகையையாவது திட்டமாகச் சொல்ல முடியுமா? கண்டும் பயனில்லாத காட்சியாயிற்று அது.

எட்டு வருஷக் காத்திருப்பு

வேறு யாராக இருந்தாலும் ஊர் திரும்பியிருப்பார்கள். லெ ஜாந்தி அடுத்த சந்தர்ப்பத்துக்காக எட்டு வருஷம் இந்து மகா சமுத்திரத்திலேயே காத்திருப்பது என்று தீர்மானித்தார். அந்த வருஷங்களில் அவர் வீணே இருக்கவில்லை. மடகாஸ்கர் தீவின் கீழ்க்கரையை அளந்து படம் வரைந்தார். பருவக் காற்று எந்த மாதத்தில் எத்திசையில் வீசுகிறது, நீரோட்டம் கப்பலை எப்படி இழுக்கிறது என்றெல்லாம் குறித்துக்கொண்டார்.

1769-ல் சுக்கிரனைப் பார்க்க நல்ல இடம் மணிலா என்று எண்ணி 1766-ல் அங்கே போனார். அங்கே ஆண்ட ஸ்பானிய கவர்னர் அவர் மீது சந்தேகம் கொண்டார். பாரிஸ் கழகத்தாரும் புதுச்சேரியே மேல் என்று எழுதினார்கள். அதற்குள் சமாதான உடன்படிக்கையின்படி புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்திருந்தது. 1768-ம் வருஷம் மார்ச்சு 27-ந் தேதி, புறப்பட்டு எட்டு வருஷங்களுக்குப் பிறகு, லெ ஜாந்தி புதுச்சேரி மண்ணை மிதித்தார்.

அவர் கண்ட புதுச்சேரி, ஆனந்தரங்கப் பிள்ளை தம் தினசரிக் குறிப்பில் எழுதிவைத்த செல்வப் புதுச்சேரி அல்ல. பிள்ளையவர்கள் நகரம் வீழ்வதற்குச் சில நாள் முன்னதாக, 1761 ஜனவரியில், காலமாகிவிட்டார். ஆங்கிலேயர் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். அந்த இடிபாடுகளின் மீதுதான், கவர்னர் லா தெ லொரிஸ்தோன் என்பவரின் உதவியால், லெ ஜாந்திக்கு ஒரு வானோக்கு நிலையம் எழும்பியது. அதன் அடியிலிருந்த கிடங்கில் வெடிமருந்து சேமித்து வைத்திருந்தார்கள்! அதைப் பொருட்படுத்தாமல் அவர் மேலே உட்கார்ந்து நக்ஷத்திரங்களை அளந்துகொண்டிருந்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்கள், பழைய பகையை மறந்து, நல்ல தூரதரிசனி ஒன்றை அனுப்பி உதவினார்கள்.

ஜூன் மாதத்து மேகம்

1769-ம் வருஷம் மே மாதம் முழுவதும் புதுச்சேரியின் காலை வானம் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. ஜூன் 3-ந் தேதி இரவு கவர்னரை அழைத்து வியாழனுடைய சந்திரர்களைக் காட்டினார் லெ ஜாந்தி. மறு நாள் சூரியோதயத்தின்போது சுக்கிரன் சூரிய பிம்பத்தின் மீது இருக்கும். சிறிது நேரத்தில் விலகிவிடும். அந்தச் சிறிது நேரத்துக்காகவே ஒன்பது வருஷம்.

நள்ளிரவு கழிந்து விழித்தவர் வானத்தைப் பார்த்தார். எங்கும் மேகம். விடியும் சமயத்தில் காற்றுக் கிளம்பியது; மேகம் கலையுமோ என்று நெஞ்சம் துடித்தது. கலையவில்லை. கடல் நுரைத்து வெளுத்தது. சூரியன் இருக்குமிடம்கூடத் தெரியாத நிலையில் சுக்கிரன் தன் வழியே போய்விட்டது. போன பின்பு மேகம் விலகிற்று. அன்று பகல் முழுவதும் வெயில் காய்ந்தது. பின்னர் வந்த செய்தி அதைவிடக் கொடியது: அவர் விட்டுவந்த மணிலாவில் அன்று காலை வானம் தெளிவாக இருந்ததாம்!

இரண்டு வாரங்களுக்கு மேல் எழுதுகோலை எடுக்கவும் மனம் இல்லாமல் கிடந்ததாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார்.

தரையில் பரப்பிய சோழி

லெ ஜாந்தியின் கதையைச் சொல்லும் மேல்நாட்டார் பெரும்பாலும் இந்த மேகத்தோடு அவரைப் பார்த்து இரங்கிவிட்டு முடித்துவிடுகிறார்கள். நமக்கோ கதையின் சாரமே வேறு இடத்தில் இருக்கிறது. புதுச்சேரியில் அவர் தங்கிய இரண்டு வருஷத்துக்குள் வானத்தை மட்டும் பார்க்கவில்லை. தம்மைச் சுற்றியிருந்த மனிதர்களையும் பார்த்தார். உள்ளூர்ப் பஞ்சாங்கக்காரர்கள் கிரகணத்தை முன்கூட்டியே சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்த வித்தையைத் தமக்குக் கற்பிக்கும்படி வேண்டிக்கொண்டார்.

அவர் கண்ட காட்சி இது. கணிப்பவர் கையில் காகிதமும் இல்லை, எழுதுகோலும் இல்லை. ஒரு கை நிறையச் சோழிகள். அவற்றைப் பலகையின் மீதோ, பெரும்பாலும் வெறுந்தரையிலோ வரிசை வரிசையாக வைக்கிறார்; எடுக்கிறார்; மாற்றி வைக்கிறார். மனப்பாடமாக உள்ள வாக்கியங்களை முணுமுணுக்கிறார். கணக்கு முடிந்துவிடுகிறது. அந்த வேகத்தையும் நிதானத்தையும் பார்த்து லெ ஜாந்தி அதிசயித்தார். அதே சமயத்தில் ஒரு குறையையும் கவனித்தார். ஒரு படி முடிந்து அடுத்த படிக்குப் போகும்போது முந்திய சோழிகள் கலைந்துவிடுகின்றன. வழியில் ஒரு பிசகு நேர்ந்தால் எங்கே நேர்ந்தது என்று திரும்பிப் பார்க்க வழியில்லை. ஆதியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அவர் ஒரு பரீக்ஷை வைத்தார். ஏற்கெனவே நிகழ்ந்துவிட்ட, 1765 ஆகஸ்டு 30-ந் தேதிச் சந்திர கிரகணத்தைத் தமிழ் முறைப்படி கணித்துப் பார்த்தார்கள். கிரகணம் நீடித்த நேரம் உண்மையைவிட 41 வினாடி குறைவாக வந்தது. ஐரோப்பாவில் அன்று தலைசிறந்ததாகக் கருதப்பட்ட தோபியஸ் மேயரின் அட்டவணையைக்கொண்டு கணித்தபோது 68 வினாடி அதிகமாக வந்தது. தரையில் பரப்பிய சோழி, மேல்நாட்டு அட்டவணையை அன்று வென்றுவிட்டது.

248-ன் ரகசியம்

சந்திரன் ஒரே வேகத்தில் செல்வதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைகிறது. தொலைவில் போகும்போது தயங்குகிறது. விரைவும் தயக்கமுமான இந்தச் சுற்று ஒருமுறை முடிய ஏறக்குறைய 27.55 நாள் ஆகிறது. இந்தப் பின்ன எண்ணை வைத்துக்கொண்டு மனத்தில் கணக்குப் போடுவது கஷ்டம். ஆனால் ஒன்பது சுற்றுக்களைச் சேர்த்துப் பாருங்கள்: கிட்டத்தட்டச் சரியாக 248 நாள் வருகிறது. ஆகவே 248 நாளுக்கு நாள்தோறும் சந்திரன் எங்கே இருக்கும் என்று ஒருமுறை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். 249-ம் நாள் அதே நடை மறுபடியும் தொடங்கும். இதற்காக ஏற்பட்ட 248 சிறு வாக்கியங்களை வரருசி என்பவர் இயற்றியதாகப் பரம்பரையாகச் சொல்வார்கள். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே இவற்றிலிருந்து வந்ததுதான்.

வாக்கியத்தில் எண் எப்படி ஒளிந்திருக்கிறது? கடபயாதி என்ற முறையில் வடமொழி மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. 'தேவர' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'தே' என்பதில் உள்ள எழுத்துக்கு 8. 'வ' என்பதற்கு 4. 'ர' என்பதற்கு 2. வலப்புறமிருந்து படித்தால் 248! இவ்வாறு எண்களெல்லாம் சொற்களாகி, சொற்கள் நாவில் ஏறி, தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தன.

ஒன்பது சுற்றுக்கும் 248 நாளுக்கும் உள்ள மிகச் சிறிய வித்தியாசம் நாளடைவில் பெருகாதா என்று நேயர்கள் கேட்கலாம். முன்னோர் அதையும் கேட்டார்கள். அதற்காகவே 3031 நாள் என்ற பெரிய சுற்றையும், 12,372 நாள் என்ற அதனினும் பெரிய சுற்றையும் வைத்தார்கள். முன்னது சந்திரனின் 110 சுற்றுக்களுக்கும், பின்னது 449 சுற்றுக்களுக்கும் மிக நெருங்கியவை. கலியுகாதியிலிருந்து எண்ணி வந்த நாட்தொகையிலிருந்து ஒரு பேரெண்ணைக் கழித்து, மீதியை முதலில் 12,372-ஆல் வகுக்க வேண்டும், மிஞ்சியதை 3031-ஆல், அதிலும் மிஞ்சியதை 248-ஆல். இறுதியில் நிற்கும் மிச்சமே இன்று எத்தனையாவது வாக்கியம் என்று சொல்லிவிடும். சோழிகள் செய்த வேலை இந்த வகுத்தல்தான்.

மண்ணில் கிடந்த செங்கல்

லெ ஜாந்தியின் கண் தரையில் கண்டது இன்னொன்றும் உண்டு. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், வீராம்பட்டினத்துக்கு அருகே, கிராமத்தார் பழைய காலத்துப் பெரிய செங்கற்களைத் தோண்டி எடுத்துச் செல்வதைப் பார்த்து எழுதிவைத்தார். அந்த இடந்தான் அரிக்கமேடு. 1937-ல் ழூவோ துப்ரேல் என்ற பிரெஞ்சு அறிஞர் அதன் பெருமையை எடுத்துக் காட்டினார். 1945-ல் மார்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். ரோமாபுரியின் மதுச் சாடிகளும் இத்தாலிய மெருகுக் கிண்ணங்களின் துண்டுகளும் வெளிவந்தன. தமிழகம் கடல் கடந்து வாணிகம் செய்ததற்கு மறுக்கவொண்ணாத சாக்ஷியம் அது. ஆனால் அதற்குள் எத்தனை சுவர்கள் செங்கல் செங்கல்லாகப் போய்விட்டன!

வாரன் கண்ட பஞ்சாங்கக்காரர்

லெ ஜாந்தி 1770 மார்ச்சில் புதுச்சேரியை விட்டார். நோயும் புயலும் அவரைத் துரத்தின. பதினொன்றரை வருஷம் கழித்து 1771 அக்டோபரில் பிரான்ஸுக்குள் அடியெடுத்து வைத்தபோது, அவர் இறந்துவிட்டதாகவே முடிவு செய்து உறவினர் சொத்தைப் பங்கிடத் தொடங்கியிருந்தார்கள். கழகத்தில் அவருடைய ஸ்தானமும் போயிருந்தது. பிற்பாடு ஸ்தானத்தைத் திரும்பப் பெற்று, மணம் புரிந்து, ஒரு பெண் மகவுக்கும் தந்தையாகி நிம்மதியாக வாழ்ந்தார். 1779-லும் 1781-லும் தம் யாத்திரையைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். தமிழரின் கணித முறை அவ்வாறு ஐரோப்பாவை எட்டியது. பெய்லி என்ற பிரெஞ்சு அறிஞர் இவற்றை ஆதாரமாகக்கொண்டு 1787-ல் இந்திய வானசாஸ்திரத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

அரை நூற்றாண்டுக்குப் பின் அதே புதுச்சேரியில் இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்டார். அவர் ஜான் வாரன். பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலேயரிடம் சேவை செய்தவர். சென்னை வானோக்கு நிலையத்தில் 1805 முதல் 1811 வரை தற்காலிகத் தலைவராக இருந்தவர். 1825-ல் 'கால சங்கலித' என்ற நூலைச் சென்னையில் அச்சிட்டார். 1830-ல் புதுச்சேரியிலேயே மறைந்தார். புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழி பரப்பி, 1825 மே 31-ந் தேதி இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அவர் முன்னிலையில் கணித்துக் காட்டினார். அவர் பெயரை வாரன் ஆங்கில எழுத்துக்களில் 'சாமி நாடென் சாஷியா' என்று பதிந்திருக்கிறார். சாமிநாதன் சேஷய்யா என்று நாம் படித்துக்கொள்ளலாம் போலும்.

அந்தக் கணக்கின் பலன் என்ன? கிரகணத்தின் ஆரம்பத்தில் 4 நிமிஷமும், மத்தியில் 23 நிமிஷமும், முடிவில் 52 நிமிஷமும் பிசகியது. 1765-ம் வருஷக் கிரகணத்தின் 41 வினாடியைப் பெருமையோடு சொல்லும் நாம் இந்த 52 நிமிஷத்தையும் சொல்லத்தான் வேண்டும். வாரன் மற்றொன்றும் எழுதினார்: இந்தக் கணிதர் சாஸ்திரத்தின் தத்துவத்தை அறிந்தவரல்ல, அபாரமான ஞாபக சக்தி ஒன்றே அவருடைய மூலதனம். கேட்கக் கசப்பான வார்த்தைதான். ஆனால் காகிதமில்லாமல், கருவியில்லாமல், ஒரு கிரகணத்தை ஒரு மணிக்குள் பிசகும்படி சொல்ல இன்று நம்மில் யாரால் முடியும்?

வாரன் எழுதிவைத்ததன் பயன் 1952-ல் தெரிந்தது. பண்டைக் கணித வரலாற்றில் பேரறிஞராகிய நாய்கபவர், அந்தக் குறிப்பைத் துருவிப் பார்த்து, தமிழ் வானசாஸ்திரத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன் பாபிலோனியர் களிமண் பலகைகளில் எழுதிய சந்திர கணிதத்துக்கும், புதுச்சேரித் தரையில் சோழியால் போட்ட கணக்குக்கும் உறவு இருப்பதை எடுத்துக் காட்டினார். பாபிலோனில் மண்ணுக்குள் புதைந்துபோன வித்தையின் கிளை ஒன்று தமிழன் நாவில் உயிரோடிருந்தது!

கண்ணும் நினைவும்

பிழை நம் முன்னோரின் அறிவில் இல்லை. வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் பழக்கம் நடுவழியில் நின்றுபோனதில் இருக்கிறது. மிக நல்ல கடிகாரத்தையும் அவ்வப்பொழுது திருப்பி வைக்காவிட்டால் என்ன ஆகும்?

இதை உணர்ந்த தமிழ்நாட்டார் ஒருவர் இருந்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பது அவர் பெயர். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, சென்னை வானோக்கு நிலையத்தில் உத்தியோகம் பார்த்தார். 1867-ல், ஒளி மாறும் நக்ஷத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். தூரதரிசனியில் கண்டதைப் பஞ்சாங்கத்தில் ஏற்றித் திருத்த வேண்டும் என்று வாதாடி, திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874 டிசம்பரில் சுக்கிரன் மறுபடியும் சூரியனைக் கடக்கப்போகிறது என்றபோது, ஜனங்கள் அஞ்சாமல் அறிந்து பார்க்கும்படி அதைப் பற்றி ஒரு சிறு நூலும் எழுதினார். எந்தக் காட்சிக்காக லெ ஜாந்தி பதினோரு வருஷம் அலைந்தாரோ, அதையே நம்மவர் ஒருவர் நம் ஜனங்களுக்கு விளக்கினார். 1880-ல் அவர் காலமானார்.

ஆனால் அவர் தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை. புதுச்சேரி அரசைச் சேர்ந்த காரைக்கால் பகுதியில் திருநள்ளாறு இருக்கிறது. திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17-ந் தேதி சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது. ஆலயத்திலோ வாக்கியப்படி அதே வருஷம் டிசம்பர் 20-ந் தேதிதான் சனிப் பெயர்ச்சி விழா நடந்தது. பதினோரு மாத வித்தியாசம்! ஆலய வழக்கம் ஆலயத்தாருடையது. அதில் தலையிடுவது நம் நோக்கமன்று. ஆனால் இரண்டு பஞ்சாங்கமும் ஏன் வேறுபடுகின்றன என்று நம் பிள்ளைகள் கேட்டால், சோழியின் கதையையும் தூரதரிசனியின் கதையையும் சேர்த்துச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றைப் பழித்து ஒன்றைப் புகழ்வதால் அறிவு வளராது.

2004-லும் 2012-லும் ஜூன் மாதத்தில் சுக்கிரன் சூரியனைக் கடந்தது. இனி 2117 டிசம்பரில்தான். சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்பது இப்பொழுது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அதற்குச் சுக்கிரனின் தயவு இனி வேண்டியதில்லை. சோழிக் கணிதம் அப்படியல்ல. அது போனால் மறுபடியும் வராது. 2117 வரையில் காத்திருந்தாலும் வராது.

ஆனந்தரங்கப் பிள்ளை இருபத்தைந்து வருஷம் இரவு பகல் பாராமல் எழுதிவைத்தார். ஆகவே அவர் காலத்துப் புதுச்சேரி, கோட்டை இடிந்த பிறகும் நம் கண் முன் நிற்கிறது. பஞ்சாங்கக்காரரோ கணக்கு முடிந்ததும் சோழிகளைக் கையால் அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். அந்நியர் இருவர் அருகில் உட்கார்ந்து எழுதாவிட்டால் அவர் வித்தை நமக்கே தெரிந்திராது. புதுச்சேரியில் 1955-ல் தோன்றிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையம் ஊர் ஊராகச் சென்று ஓலைச் சுவடிகளைத் திரட்டியது; அந்நகரில் பாதுகாக்கப்படும் சைவ ஏடுகள் 2005-ல் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்றன. வான கணிதத்துக்கும் அத்தகைய முயற்சி தேவை.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் வாக்கியங்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய பெரியவர்கள் எங்கேனும் இருந்தால், அவர்களுடைய பேரப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் வார்த்தை ஒன்றே: தாத்தாவின் எதிரே ஒரு நோட்டுப் புஸ்தகத்தோடு உட்காருங்கள். அவர் சோழியை எடுக்கும் முன் எழுதிவிடுங்கள்.